உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு பழகும் வழி

செய்தி படித்தால் புரிகிறது. தலையங்கம் என்று வந்தால் நாலு வரிக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் எழுத வருகிறது. ஆனால் குட், பேட், வெரி, பிராப்ளம், இம்பார்ட்டன்ட் என்று அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வந்து விழுகின்றன. மனதில் இருப்பதில் பாதிதான் எழுத்தில் இறங்குகிறது என்ற குறை உங்களுக்கே தெரியும். இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்கானது.

இந்த நிலையில் பலரும் செய்வது ஒன்று உண்டு. 'ஆயிரம் கடினச் சொற்கள்' என்று ஒரு பட்டியலை எடுத்து, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதி உருப்போடுவார்கள். முதல் வாரம் நன்றாகவே போகும். அப்புறம் ஒரு சொல் இன்னொன்றோடு குழம்பும். ஒரு மாதத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். இதற்குக் கற்பவரின் ஞாபகசக்தியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து வரும், என்ன தொனியில் வரும், அதற்கு அடுத்து எந்தச் சிறு சொல் ஒட்டும் என்பதற்கெல்லாம் அந்த இரண்டு பத்தி நோட்டில் இடமே இல்லை. அவை தெரியாதவரை, தமிழ்ப் பொருள் மட்டும் தெரிந்த சொல்லை எழுதவும் வராது, பேசவும் வராது.

தொடங்குமுன் ஒன்று: இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பயிற்சி செய்யும்போது ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டலையும் அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

நீங்கள் படிக்க விரும்பும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எடுத்து, எந்த இடத்திலிருந்தாவது நூறு சொற்கள் எண்ணி, அதில் தெரியாதவற்றை அடிக்கோடிடுங்கள். இதையே இன்னும் மூன்று, நான்கு இடங்களில் செய்தால் ஒரு சராசரி கிடைக்கும். நூற்றுக்கு இரண்டு தெரியாவிட்டால் பிறர் உதவியில்லாமல் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். பத்துக்கு மேல் போனால் உயர்நிலைச் சொற்களைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் முதல் சில ஆயிரம் சொற்களில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் மேலே போனால் எதுவும் நிற்காது.

இந்த 'நூற்றுக்கு இரண்டு' என்ற கணக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்துவதுதான். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்து ஆங்கிலத்தில் 98 சதவீதச் சொற்களைத் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று கணக்கிட்டார். பேச்சுக்கு 6,000 முதல் 7,000 போதும். சொற்குடும்பம் என்றால் ஆக்ட், ஆக்ஷன், ஆக்டிவ், ஆக்டிவிட்டி போன்ற எல்லாம் சேர்ந்து ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். தலையங்கம் ஓரளவு படிக்கிறவர் அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே கடந்து வந்தவர்.

எந்தச் சொற்களை எடுப்பது?

எல்லாக் கடினச் சொல்லும் கற்கத் தகுந்ததல்ல. இதைத் துணிந்து சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டியல்களில் பாதி வெறும் பகட்டுக்கு வைக்கப்பட்டவை. அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள். மூன்றாவது அடுக்கு ஒரு துறைக்கே உரியவை: மருத்துவரின் சொல், பொறியாளரின் சொல். இரண்டும் தாமாக வந்து சேரும். முன்னது பழக்கத்தில், பின்னது தொழிலில். நடுவில் இருக்கும் இரண்டாம் அடுக்குதான் நம் வேலை. எந்தத் துறையைப் பற்றிய எழுத்திலும் தலைகாட்டும் முதிர்ந்த சொற்கள் அவை: மிட்டிகேட், இம்ப்ளிசிட், ஸ்ட்ரிஞ்சென்ட், ரிலக்டன்ட், அன்டர்மைன், பிளாசிபிள்.

நம்பி எடுக்கக்கூடிய பட்டியல் வேண்டுமென்றால் எவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கிறது. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளை அலசி எடுத்த 570 சொற்குடும்பங்கள். கல்வி நூல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்த 570-க்குள் அடங்குகிறது. உயர்கல்வி, ஆய்வு, ஐஎல்ட்ஸ் போன்ற தேர்வு என்று போகிறவர்கள் இங்கே தொடங்கலாம். ஜிஆர்இ எழுதுபவர்களுக்கு ஒரு சேதி: எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் 2011-இல் அந்தத் தேர்விலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. இப்போது வாக்கியத்தில் பொருந்தும் சொல்லைத்தான் கேட்கிறார்கள். பழைய பட்டியல்களைத் தலைகீழாக ஒப்பிப்பதால் முன்பு கிடைத்த பலன் இப்போது கிடைக்காது.

ஆனாலும் பட்டியலைவிட நல்ல ஊற்று உங்கள் சொந்த வாசிப்பு. நீங்கள் படித்ததில் ஒரு சொல் இரண்டாம் தடவை கண்ணில் பட்டால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையிலேயே எடுக்க வேண்டாம். இரண்டு தடவை வந்தது மூன்றாவது தடவையும் வரும். அது எந்த வாக்கியத்தில் வந்தது என்பதும் உங்கள் கையில் இருக்கும். அந்த வாக்கியம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் முதல்.

ஒரு நாளைக்கு எத்தனை? ஐந்து போதும். வாரத்தில் ஆறு நாள் என்றால் முப்பது, வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். நாளைக்கு இருபது, முப்பது என்று தொடங்குபவர்கள் இரண்டு வாரத்தில் பழைய சொற்களைத் திருப்பிப் பார்க்கும் சுமையிலேயே திணறிப்போகிறார்கள்.

ஒரு சொல்லை முழுதாக எடுப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு சொல்லை வைத்தே பார்ப்போம்: மிட்டிகேட்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'தணி, குறை, மட்டுப்படுத்து' என்று இருக்கும். சரி. அலீவியேட் என்ற இன்னொரு சொல்லைப் பாருங்கள். அதற்கும் 'தணி, குறை' என்றுதான் இருக்கும். தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்று. எழுதும்போது எதைப் போடுவது என்று தெரியாமல் இரண்டையுமே விட்டுவிடுவார்.

இப்போது இவற்றின் கூட்டாளிகளைப் பாருங்கள். அலீவியேட்டோடு வருபவை பெயின், சஃபரிங், சிம்ப்டம்ஸ், பாவர்ட்டி: ஏற்கெனவே ஒருவர் அனுபவித்துக்கொண்டிருக்கும் துன்பங்கள். மிட்டிகேட்டோடு வருபவை ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ், எஃபெக்ட்ஸ்: வரப்போகும் ஆபத்து, அல்லது ஒரு நிகழ்வின் பாதிப்பு. வலிநிவாரணி வலியை அலீவியேட் செய்கிறது. வெள்ளத் தடுப்புச் சுவர் சேதத்தை மிட்டிகேட் செய்கிறது. லத்தீன் வேர்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. மிட்டிகேட்டில் இருக்கும் மீட்டிஸ் என்றால் 'மென்மையான'. அலீவியேட்டில் இருக்கும் லெவிஸ் என்றால் 'கனமில்லாத'. ஒன்று கடுமையை மென்மையாக்குகிறது, மற்றது பாரத்தை இலேசாக்குகிறது.

அடுத்து இதன் உறவினர்கள். மிட்டிகேஷன் என்பது பெயர்ச்சொல். பருவநிலை மாற்றம் பற்றிய எழுத்தில் அடிக்கடி வரும். மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்றால் நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்க ஏதுவான சூழ்நிலைகள். அன்மிட்டிகேட்டட் டிஸாஸ்டர் என்றால் எள்ளளவும் குறைவில்லாத படுதோல்வி. கடைசியாக ஒரு பொறி: மிட்டிகேட் அகைன்ஸ்ட் என்று ஆங்கிலேயரே எழுதிவிடுவதுண்டு. அவர்கள் சொல்ல நினைப்பது மிலிடேட் அகைன்ஸ்ட், அதாவது 'எதிராகச் செயல்படு'. மிட்டிகேட்டுக்குப் பின்னால் அகைன்ஸ்ட் வராது. நேரே செயப்படுபொருள் வரும்.

இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். இப்படிப் பார்த்த சொல் எழுதும்போது தானாகக் கைக்கு வரும்.

இதற்கு வேண்டிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட கற்போர் அகராதிகளைப் பயன்படுத்துங்கள். 1978-இல் முதலில் வந்த லாங்மன் அகராதி, சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே மற்ற எல்லாச் சொற்களையும் விளக்குகிறது. 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி பொருளை முழு வாக்கியமாகவே எழுதுகிறது; படிக்கும்போதே சொல் எப்படிப் பயன்படுகிறது என்று தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியில் முக்கியமான சொற்களுக்கு ஏ1 (தொடக்கநிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை நிலைக்குறி போட்டிருப்பதால், இப்போதே கற்க வேண்டிய சொல்லா, பிறகு பார்க்கலாமா என்று முடிவெடுக்க உதவும். கூட்டாளிச் சொற்களுக்கென்று தனி கொலோகேஷன் அகராதிகளும் உண்டு. இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற தரவகத்தில் தேடலாம். பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட அந்தத் தொகுப்பில் ஒரு சொல்லைத் தட்டினால், உண்மையான எழுத்திலும் பேச்சிலும் அது வந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும்.

தமிழ்ப் பொருளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆங்கில விளக்கத்தைப் படித்து, உதாரணங்களைப் பார்த்து, 'தமிழில் இதை எப்படிச் சொல்வோம்?' என்று கடைசியில் நீங்களே யோசியுங்கள். சர்கம்ஸ்பெக்ட் என்ற சொல்லின் விளக்கத்தைப் படித்துவிட்டு 'சுற்றும் முற்றும் பார்த்து நடப்பவர்' என்று உங்களுக்கே தோன்றினால், அதற்கப்புறம் அந்தச் சொல் மறக்கவே மறக்காது.

தொனியைக் கவனியுங்கள்

பணத்தைப் பார்த்துச் செலவழிப்பவரை ஆங்கிலத்தில் ஃப்ரூகல் என்றால் பாராட்டு அல்லது குறைந்தபட்சம் நடுநிலை. த்ரிஃப்டி என்றாலும் பாராட்டுத்தான். ஸ்டிஞ்சி என்றால் திட்டு. பார்சிமோனியஸ் என்பதும் பெரும்பாலும் குறைசொல்தான், ஆனால் ஏட்டு நடையில் சொன்னது. தமிழில் இந்த வேறுபாடு நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது: சிக்கனக்காரர் என்றால் மகிழ்வார், கஞ்சன் என்றால் சண்டைக்கு வருவார். ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும். விடாமுயற்சி உள்ளவர் டெனேஷியஸ், பிடிவாதக்காரர் ஆப்ஸ்டினட். புகழ்பெற்றவர் ஃபேமஸ், கெட்ட காரியத்துக்குப் பேர்போனவர் நொட்டோரியஸ். பரிந்துரைக் கடிதத்தில் ஒரு மாணவரை நொட்டோரியஸ் என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொனியோடு சேர்ந்ததுதான் பொருளின் எல்லையும். 'கவனமான' என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடங்கும். நுணுக்கங்களில் கவனமாக இருப்பவர் மெட்டிக்யுலஸ். ஆபத்து வந்துவிடுமோ என்று கவனமாக இருப்பவர் காஷஸ். ஒருவரை நம்பலாமா என்ற சந்தேகத்தோடு கவனமாக இருப்பவர் வேரி. மழையில் வண்டியை மெதுவாக ஓட்டியவரை மெட்டிக்யுலஸ் என்று சொல்ல முடியாது.

ஒட்டி வரும் சிறு சொற்கள்

தமிழில் 'பற்றி விவாதித்தோம்' என்கிறோம். அந்தப் பழக்கத்தில் டிஸ்கஸ் அபௌட் என்று எழுதிவிடுகிறோம். டிஸ்கஸ் என்பதற்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது, அபௌட் வேண்டாம். எம்ஃபசைஸ் ஆன் என்பதும் இதே வகைப் பிழை. கம்ப்ரைஸ் என்ற சொல்லுக்கும் பின்னால் ஆஃப் தேவையில்லை. மாறாக, சில சொற்கள் தம் துணை இல்லாமல் நடக்கவே மாட்டா: டிவாய்ட் ஆஃப், கன்டூசிவ் டு, அடெப்ட் அட், கன்டிஞ்சென்ட் ஆன், கமென்சரெட் வித். இவற்றைப் பிரித்துக் கற்காதீர்கள். நோட்டில் டிவாய்ட் என்று எழுதுவதற்குப் பதில் டிவாய்ட் ஆஃப் மீனிங் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

மறக்காமல் இருக்க

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கரைந்துபோகிறது. அதற்கப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்த்தால் நினைவு நீடிக்கும் என்பதும் அவர் கண்டதுதான். ஒரே நாளில் இருபது முறை பார்ப்பதைவிட, இருபது நாளில் ஐந்து முறை பார்ப்பது மேல்.

1972-இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஓர் எளிய ஏற்பாட்டைச் சொன்னார். சொல் அட்டைகளை வைக்க ஐந்து பெட்டிகள். புதுச் சொல் முதல் பெட்டியில். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு நகரும், தவறினால் மறுபடி முதல் பெட்டிக்கே வரும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவதை மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். நாட்களை உங்கள் வசதிப்படி கொஞ்சம் மாற்றிக்கொள்வதில் தவறில்லை. கைப்பேசியில் செய்ய விரும்புவோருக்கு 2006-இல் வந்த ஆன்கி செயலி இந்தக் கணக்கையெல்லாம் தானே போட்டுக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்; ஐபோனில் மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். பிறர் தயாரித்த அட்டைக் கட்டுகள் அதில் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றை இறக்கிக்கொள்ளாமல் உங்கள் அட்டைகளை நீங்களே எழுதுங்கள். எழுதும் நேரத்திலேயே பாதி மனதில் ஏறிவிடும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பது முக்கியம். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று வைத்தால் பார்த்ததும் அடையாளம் தெரியும், ஆனால் வேண்டிய நேரத்தில் வாயில் வராது. முன்பக்கம் சொல் விடுபட்ட ஒரு வாக்கியம் எழுதுங்கள்: டு (கோடு) த ரிஸ்க் ஆஃப் ஃபயர். அதன் கீழே சிறிய குறிப்பு: 'ஆபத்தின் கடுமையைக் குறைத்தல், முதல் எழுத்து எம்'. பின்பக்கம் மிட்டிகேட் என்ற சொல்லும் அதன் உச்சரிப்பும் இரண்டு கூட்டாளிகளும். அட்டையைத் திருப்புமுன் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் சில விநாடி முயலுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின்னும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உடனே ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பை நம்பாதீர்கள்.

என்ன செய்தாலும் பிடிபடாத சொல்லுக்கு ஒலித்துணை ஒன்று கட்டலாம். கேண்டிட் என்றால் ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர். 'கண்டதைக் கண்டபடி சொல்பவர் கேண்டிட்' என்று வைத்துக்கொண்டால் போதும். ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சனும் ராவும் 1975-இல் ரஷ்யச் சொற்களைக் கொண்டு இந்த முறையைச் சோதித்து, நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்யப் போனால் சொல்லைவிட வித்தை பெரிதாகிவிடும். அடம்பிடிக்கும் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்கள்: எவ்வளவு நம்பலாம்?

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. கல்வியிலும் சமயத்திலும் லத்தீன் இருந்தது. அதனால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு மூன்று அடுக்குச் சொற்கள் உண்டு. பழைய ஆங்கிலத்தின் ஆஸ்க், பிரெஞ்சு வழி வந்த கொஸ்டின், லத்தீனிலிருந்து வந்த இன்டராகேட். கிங்லி, ராயல், ரீகல் என்பதும் அப்படியே. வீடு, இல்லம், கிருகம் என்று பழகிய நமக்கு இது புதிதில்லை. உயர்நிலைச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க அடுக்கைச் சேர்ந்தவை. அதனால் நாற்பது, ஐம்பது வேர்களைத் தெரிந்துவைத்தால் நூற்றுக்கணக்கான சொற்களுக்கு உதவும்.

ஸ்பெக் என்றால் பார்த்தல். ரெட்ரோஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது, இன்ட்ரோஸ்பெக்ஷன் தன்னையே உள்நோக்கிப் பார்ப்பது, பர்ஸ்பெக்டிவ் ஊடுருவிப் பார்ப்பது. சர்கம்ஸ்பெக்ட்டை மேலே பார்த்தோம். லோக் அல்லது லோக்வ் என்றால் பேசுதல்: எலோக்வென்ட் நாவன்மை உள்ளவர், லொக்வேஷஸ் ஓயாமல் பேசுபவர், கொலோக்வியல் பேச்சுவழக்குச் சார்ந்தது, சொலிலொக்வி தனக்குத்தானே பேசும் தனிமொழி.

ஆனால் வேரை வைத்துப் பொருளை ஊகிக்கலாமே தவிர முடிவு கட்டக் கூடாது. இன் என்ற முன்னொட்டைப் பார்த்ததும் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் இன்ஃப்ளேமபிள் என்ற சொல்லில் ஆபத்தாகவே முடியும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்று எழுதுவதை விரும்புகிறார்கள். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது என்று பொருளாகாது. மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. நம் 'விலைமதிப்பற்ற' என்பதும் அதே கணக்குத்தான்.

இரட்டையரை ஒரே நாளில் சேர்க்காதீர்கள்

எமினென்ட் (புகழ் வாய்ந்த), இமினென்ட் (வெகு விரைவில் நிகழப்போகும்). இன்ஜீனியஸ் (புத்திசாலித்தனமான), இன்ஜென்யுவஸ் (கள்ளங்கபடமற்ற). பிரிஸ்க்ரைப் (விதித்துரை), புரொஸ்க்ரைப் (தடைசெய்). ஒலியில் நெருங்கிய இவற்றைச் சேர்த்துப் படித்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். இரண்டும் பின்னிக்கொண்டு எது எதுவென்றே தெரியாமல் போகும். முதலில் ஒன்றை நன்றாக நிலைநிறுத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள். பொருளில் நெருங்கியவற்றுக்கும், எதிர்ச்சொல் இணைகளுக்கும் இதுவே பொருந்தும். மேலே மிட்டிகேட்டையும் அலீவியேட்டையும் சேர்த்துக் காட்டியது வேறுபாட்டை விளக்க. அட்டைக்கட்டில் அவை தள்ளித் தள்ளியே வரட்டும்.

காதால் கேளுங்கள்

வாசித்தே கற்றவர்களிடம் ஒரு பெரிய ஆபத்து: சொல் தெரியும், ஒலி தெரியாது. எபிடோம் என்று மனதுக்குள் வருடக்கணக்காகப் படித்திருப்பார்கள், அது இபிட்டமி. ஹைப்பர்போல் என்று படித்தது ஹைபர்பலி. சப்ட்டில் என்று நினைத்தது சட்ல், நடுவில் உள்ள பி ஒலிக்காது. இன்டிக்ட் என்று தோன்றுவது இன்டைட். டெப்ரிஸ் என்று எழுதியிருப்பதில் கடைசி எஸ் ஒலிக்காது, டெப்ரீ. அவ்ரி என்று படிக்கத் தோன்றுவது அரை.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து வைப்பது போதாது. தமிழில் பேட் என்று எழுதினால் அதை இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களாகப் படிக்கலாம். இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டு, கூடவே மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை அட்டையில் அடிக்கோடிட்டு வையுங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபொட்டாக்ரஃபர் என்பதில் இரண்டாவது, ஃபோட்டோக்ராஃபிக் என்பதில் மூன்றாவது. இக், ஷன், இட்டி என்று முடியும் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் அந்த முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கும் அசையில் விழும்; விலக்குகள் உண்டு, ஆனால் விதி கைகொடுக்கும். ஏட் என்று முடிபவற்றிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வினையாக வந்தால் இலாபரேட், அதாவது விரிவாகச் சொல். பெயரடையாக வந்தால் இலாபரட், விரிவான. எழுத்து மாறாது, கடைசி ஒலி மாறும். அட்வொகேட், டெலிகேட், மாடரேட் எல்லாம் இந்த வகைதான்; முதல் இரண்டும் பெயரடைக்குப் பதில் பெயர்ச்சொல்லாக வரும்.

பயன்படுத்துவது

கற்ற சொல் எல்லாவற்றையும் பேச்சில் கொட்ட வேண்டியதில்லை. பார்த்தால் புரியும் சொற்கள் எவருக்குமே அதிகம், தாமாக எடுத்தாளும் சொற்கள் அதைவிடக் குறைவு. ஐந்து சொல் கற்றால் அதில் ஒன்றிரண்டை உங்கள் எழுத்துக்கு வேண்டியவை என்று தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு மட்டும் தனி உழைப்பு கொடுங்கள்.

நல்ல பயிற்சி ஒன்று: நீங்கள் முன்பு எழுதிய மின்னஞ்சலையோ கட்டுரையையோ எடுத்து, வெரி என்ற சொல் வரும் இடங்களைத் தேடுங்கள். வெரி டயர்ட் இருக்கும் இடத்தில் எக்ஸாஸ்டட் பொருந்துமா? வெரி காமன் என்றது எங்கும் நிறைந்த என்ற பொருளில் என்றால் யூபிக்விட்டஸ் வருமா? மாற்றிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியம் சுருங்கித் தெளிவானால் வைத்துக்கொள்ளுங்கள். விறைத்துக்கொண்டு நின்றால் பழையதே இருக்கட்டும். யூஸ் போதுமான இடத்தில் யூட்டிலைஸ், பிகின் போதுமான இடத்தில் கமென்ஸ் என்று போடுவது எழுத்தை உயர்த்துவதில்லை, கனமாக்குகிறது.

இன்னொன்று: ஒரு பத்தி படித்து, மூடி வைத்துவிட்டு, அதையே உங்கள் வார்த்தையில் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். மூலத்தில் ஒரே சொல்லில் சொன்னதை நீங்கள் எந்த இடத்தில் ஆறு சொற்களில் சொன்னீர்களோ, அங்கே இருக்கிறது உங்கள் அடுத்த அட்டை. எழுதியதைக் கூடுமானால் ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டி, 'இந்த இடத்தில் இந்தச் சொல் இயல்பாக இருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். இலக்கணத்தைத் திருத்தச் சொன்னால் சொல் பற்றிய பதில் கிடைக்காமல் போய்விடும்.

மாதத்துக்கு ஒரு முறை முதல் படியில் செய்த நூறு சொல் சோதனையை, அதே வகையான வேறொரு கட்டுரையில் செய்யுங்கள். எண்ணிக்கை மெல்லத்தான் இறங்கும். முதல் இரண்டு மாதம் அசையாமல்கூட நிற்கலாம். கூடவே அட்டைக்கட்டையும் ஒரு முறை அலசுங்கள். ஏழெட்டுத் தடவை தவறிய அட்டை இருந்தால் அதைக் கிழித்துவிட்டு, வேறொரு வாக்கியத்தில் அதே சொல்லைப் புதிதாக எழுதுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம். உண்மையிலேயே வேண்டிய சொல்லாக இருந்தால் வாசிப்பில் மறுபடி எதிர்ப்படும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.